ஓர் அசைவு இருந்தால் கணினி இயங்கும்

புளி உலுக்க மரமேறித் தவறி விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களும், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்களும் நத்தம் வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். இவர்களுள் படித்த இளைஞர் ஒருவர் இருப்பின், வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான்: இனி இவரால் கணினியில் வேலை செய்ய இயலுமா? பெரும்பாலோருக்கு இயலும். விலையுயர்ந்த கருவியைத் தேடுமுன் வீட்டுக் கணினியிலேயே உள்ளவற்றைப் பார்ப்போம்.

விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து 5 முறை அழுத்தினால், 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை இயக்கவா என்று கேட்கும். இயக்கியபின், சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். ஒரு விரலே போதும். கை நடுங்குவோருக்கு 'ஃபில்டர் கீஸ்' உதவும். தவறுதலாகப் பட்ட தொடுகையை அது எழுத்தாகக் கொள்ளாது. தமிழில் எழுதுவோர் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுதல் நன்று. கிரந்த எழுத்துகள் நீங்கலாக ஏனையவற்றுக்கு அதில் ஷிப்ட் தேவையில்லை. ஒற்றைக் கையினரை எண்ணி வகுத்தார்களோ இல்லையோ, அவர்களுக்கு அது பெரிய உதவி.

பேச்சுத் தெளிவாக உள்ளவர்கள், செல்பேசியில் கூகுள் விசைப்பலகையின் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகிவிடும்.

கையும் பேச்சும் ஒருங்கே தளர்ந்தவர்களுக்கு வேறொரு வழி உண்டு. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்காகச் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' கருவி அவ்வழியில் இயங்கியது. திரையில் உள்ளவை வரிசையாக ஒளிர்ந்து செல்லும். வேண்டியது ஒளிரும்போது தலையையோ கையையோ அசைத்து ஒரு விசையைத் தொட்டால் அது தேர்வாகும். இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தம் கன்னத்தின் சிறு அசைவால் இவ்வாறே எழுதினார். விண்டோஸின் திரை விசைப்பலகையிலும் இம்முறை உள்ளது. ஓர் எழுத்துக்குச் சில நொடிகள் ஆகலாம். அதைப் பொறுக்காமல் பக்கத்தில் இருப்பவரே தட்டச்சு செய்து தருவது வழக்கம். அன்பினால்தான் செய்கிறோம், ஆயினும் தவிர்க்க வேண்டும்.

எந்த அசைவைத் தேர்ந்தெடுப்பது? வலுவான அசைவு அன்று, களைப்பின்றிப் பலமுறை ஒரே விதமாகச் செய்யக்கூடிய அசைவே ஏற்றது. அதற்கு முன் இருக்கை சரியாக அமைய வேண்டும். கழுத்தும் முதுகும் தாங்கப்படாவிடில் எந்தக் கருவியும் பயன்படாது. தண்டுவடப் பாதிப்புள்ளோர் ஒரே இருப்பில் நெடுநேரம் அமர்ந்தால் அழுத்தப்புண் உண்டாகும். இடையிடையே உடல் நிலையை மாற்றுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அவர் பயன்படுத்தும் கணினியையோ செல்பேசியையோ உடன் கொண்டுவந்து செயல்முறை சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். உதவிக் கருவிகளுக்கான அரசுத் திட்டங்களைத் திண்டுக்கல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.