புரட்டிப் படுக்கவைக்கும் அறிவியல்

நீரிழிவு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் போன்ற நோய்களில் இரண்டோ மூன்றோ ஒரே உடலில் சேர்ந்து, ஒன்றுக்குரிய மருத்துவம் மற்றொன்றுக்கு இடையூறாக நிற்கும் நிலையை மருத்துவத் துறையினர் சிக்கலான நோய்நிலை என்கின்றனர். இதயம் தளர்ந்தவருக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்வார் இதய மருத்துவர். அவருக்கே மலச்சிக்கல் வந்துவிட்டால் தண்ணீர் நிறையத் தேவைப்படும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் புரதம் குறைக்கப்படுகிறது. அவர் முதுகில் ஒரு புண் இருந்தால் அது ஆறுவதற்குப் புரதம் கூட வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிபுணர் இருக்கிறார் என்றாலும், இந்த முரண்கள் அனைத்தும் ஒரே படுக்கையில் வந்து கூடும்போது இரவும் பகலும் அருகில் நின்று அவற்றைச் சமாளிப்பவர் செவிலியர்தான்.

அவர் செய்யும் வேலையில் எது உண்மையில் பயன் தருகிறது, எது வெறும் வழக்கமாகத் தொடர்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்கும் துறைக்குச் செவிலியர் ஆய்வு என்று பெயர். எந்த மருந்து நோயைக் குணமாக்கும் என்று மருத்துவ ஆய்வு கேட்கும்போது, நோயோடு படுத்திருப்பவர் எப்படி உண்கிறார், உறங்குகிறார், மூச்சு விடுகிறார், திரும்பிப் படுக்கிறார், எப்போது தடுமாறுகிறார் என்ற கேள்விகளைச் செவிலியர் ஆய்வு எடுத்துக்கொள்கிறது. இந்த ஆய்வுகளுக்கென்றே 1952இல் அமெரிக்காவில் ‘நர்சிங் ரிசர்ச்’ என்னும் இதழ் தொடங்கப்பட்டது. ஆயினும், மருத்துவத்தின் எந்தப் பிரிவும் தனதென்று உரிமை கொண்டாடாத ஒரு சாதாரணத் துன்பத்தைச் செவிலியர் தம் கேள்வியாக்கிக்கொண்டபோதுதான் இத்துறையின் வலிமை வெளிப்பட்டது. அந்தத் துன்பம் படுக்கைப்புண்.

படுக்கையோடு கிடப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோலும் சதையும் நசுங்குவதால் இப்புண் உண்டாகிறது. உடலின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. விரல் நகத்தின் ஓரத்தில் அளந்தபோது அது ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரச அளவே இருந்தது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் சாதாரணமாக 120 என்று வருவதோடு ஒப்பிட்டால், இந்தக் குழாய்களை மூடிவிட எவ்வளவு சிறிய பாரம் போதும் என்பது விளங்கும். நலமாக இருப்பவர் உறக்கத்திலும் தன்னையறியாமல் புரண்டு அந்தப் பாரத்தை மாற்றிக்கொள்கிறார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவரால் புரள முடியாது. நீரிழிவால் காலின் உணர்வு மரத்துப்போனவருக்குக் குதிகால் நசுங்குவதே தெரியாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டு, சிறுநீரை அடக்க முடியாமல் போகிறவரின் தோல் ஈரத்தில் ஊறி எளிதில் கிழிகிறது. அவரவர் துறைக்குள் தனித்தனியே பார்க்கப்படும் நோய்கள் எல்லாம் கடைசியில் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையளவு தோலில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

இது தடுக்கக்கூடியதா என்பதிலேயே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. பிரான்சின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நரம்பு மண்டலம் சிதைவதால் இப்புண் தானாகத் தோன்றுகிறது என்றும், அது மரணம் நெருங்குவதன் அடையாளம் என்றும் 19ஆம் நூற்றாண்டில் கருதினார். அவர் காலத்திலேயே வாழ்ந்த பிரௌன் செகார் என்ற மருத்துவர் விலங்குகளில் செய்த சோதனைகளைக் கொண்டு, அழுத்தத்தையும் ஈரத்தையும் விலக்கினால் புண் வராது என்று எதிர்வாதம் வைத்தார். செவிலியர் பணிக்கு இலக்கணம் வகுத்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட தம் நூலில், நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்தால் பொதுவாக அது நோயின் குற்றமாக இருக்காது, பராமரிப்பின் குற்றமாகவே இருக்கும் என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான் என்றாலும், பராமரிப்பில் எது குறைந்தது, எதைச் செய்தால் புண் வராது என்று அளந்து காட்டுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

அதைச் செய்தவர் டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயச் செவிலியர். மருத்துவமனைகளில் முதியோரைப் பராமரிப்பதில் உள்ள இடர்ப்பாடுகளை ரோடா மெக்லாரன் என்ற செவிலியருடனும் எக்ஸ்டன் ஸ்மித் என்ற முதியோர் நல மருத்துவருடனும் சேர்ந்து ஆராய்ந்த அவர், 1962இல் அதை நூலாக வெளியிட்டார். சோப்பு நீர், ஸ்பிரிட், எண்ணெய், பவுடர் என்று பலவற்றைப் போட்டு முதுகைத் தேய்த்துவிடுவதே அக்காலத்தில் நல்ல செவிலியரின் அடையாளமாகக் கருதப்பட்டது. பூசப்படும் பொருள் எதுவும் புண்ணைத் தடுக்கவில்லை என்பதும், முறையான இடைவெளியில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதே பலன் தந்தது என்பதும் அந்த ஆய்வில் தெளிவாயின. புண்களில் பெரும்பாலானவை மருத்துவமனையில் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே தோன்றின என்பதும் தெரிந்தது. ஆகவே யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைச் சேர்ந்த நாளன்றே கணித்தாக வேண்டும். அதற்காக அவர்கள் வகுத்த மதிப்பெண் முறைதான் நார்ட்டன் அளவுகோல். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் அவரைத் தனிக் கவனத்தில் வைக்க வேண்டும். பரிசோதனைக் கூடமோ கருவியோ எதுவும் வேண்டாத இந்தக் கணக்கு, ஒரு பென்சிலும் பழகிய கண்ணும் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அமெரிக்கச் செவிலியர் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரோமும் 1980களில் இதை மேலும் செம்மைப்படுத்தி, உணவையும் தோல் உராய்வையும் கணக்கில் சேர்த்து ஆறு கூறுகள் கொண்ட பிரேடன் அளவுகோலை அமைத்தனர். இதில் மொத்தம் 6 முதல் 23 வரை மதிப்பெண் வரும். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18க்குக் கீழ் இறங்கினாலோ 18ஆகவே இருந்தாலோ எச்சரிக்கை தேவை.

அளவுகோலைவிடக் கடினமானது, மதிப்பெண் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. இதயம் தளர்ந்து மூச்சுத் திணறும் ஒருவரைத் தட்டையாகப் படுக்கவைக்க முடியாது. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தியாக வேண்டும். உயர்த்தினால் அவர் உடல் மெல்லக் கீழ்நோக்கிச் சரிகிறது. தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிட, உள்ளே எலும்பும் சதையும் மட்டும் நழுவுவதால் இடையிலுள்ள இரத்தக் குழாய்கள் முறுக்கி இழுபடுகின்றன. இந்த இழுவிசை, நேரான அழுத்தத்தைப் போலவே தோலைக் கெடுக்கிறது. மூச்சுக்கு நல்லது முதுகுக்குக் கெடுதலாகும் இந்த இடத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் முதலில் முழங்கால் பகுதியை மடக்கி உயர்த்தி, உடல் சரியாதபடி அணைகொடுத்து, அதன் பின்னரே தலைப்பக்கத்தை ஏற்றுகிறார். திணறல் தணிந்ததும் உயரத்தை 30 பாகைக்குக் குறைக்கிறார். நோயாளியை மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், கீழே போட்டுள்ள துணியோடு இருவராகத் தூக்கி வைக்கிறார். பக்கவாட்டில் படுக்கவைப்பதிலும் முழுதாகத் திருப்பினால் இடுப்பெலும்பின் முனை மெத்தையில் குத்தும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சுமார் 30 பாகை மட்டும் சாய்த்துவைப்பது இப்போதைய முறை. பார்ப்பதற்கு எளிய கைவேலை போலத் தோன்றும் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆய்வுக் கேள்வி இருக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சில காரியங்களை இந்த ஆராய்ச்சி கைவிடச் சொல்கிறது. காற்றடைத்த வளையத்தின் மேல் நோயாளியை உட்காரவைத்தால் வளையம் படும் இடமெல்லாம் அழுந்தி, நடுவில் உள்ள தோலுக்கு இரத்தம் வரும் வழியே அடைபடுகிறது. ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் வழக்கமும் குதிகாலைக் காப்பதில்லை. கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை கொடுத்து, குதிகால் எதன் மேலும் படாமல் காற்றில் நிற்கும்படி வைப்பதே சரி. சிவந்துபோன இடத்தை அழுத்தித் தேய்த்தால், ஏற்கெனவே நைந்திருக்கும் திசு மேலும் சிதையும்.

சிவந்துபோன இடம் என்று நூல்கள் எழுதுவதிலேயே நம்மவர்க்கு ஒரு தடை இருக்கிறது. தொடக்க நிலைப் புண்ணில் தோல் கிழிவதில்லை. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்பாக மட்டுமே அது தெரியும் என்பது வெளிர்நிறத் தோலுக்கு எழுதிய இலக்கணம். கருமையான தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். ஆதலால் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டியாகவோ தளர்ந்தோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று புறங்கையாலும் விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். இந்நிலையில் கவனித்துப் பாரத்தை விலக்கினால் பெரும்பாலும் தோல் மீண்டுவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியும் நான்காம் நிலை வரை அது ஆழமாகிறது. தோல் கிழியாத நிலையும் காயமே என்பதை உணர்த்துவதற்காகவே 2016இல் அமெரிக்க வல்லுநர் குழு ‘அழுத்தப் புண்’ என்ற பெயரை ‘அழுத்தக் காயம்’ என்று மாற்றியது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது செவிலியர் பள்ளிகளில் வேதவாக்குப் போலச் சொல்லப்பட்டு வந்த விதி. பெர்க்ஸ்ட்ரோமும் அவர் குழுவினரும் அந்த விதியையே சோதனைக்கு உட்படுத்தினர். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்து, 2013இல் வெளியிட்ட முடிவில், மூன்று பிரிவினருக்கும் இடையே புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அறிவித்தனர். நள்ளிரவில் அடிக்கடி எழுப்பப்படும் முதியவரின் உறக்கத்தையும் புரட்டிப் புரட்டி இடுப்பொடியும் பணியாளரின் உடலையும் நினைத்தால் இது பெரிய செய்தி. ஆனால் அவர்கள் அனைவரும் அடர்த்தி மிக்க நுரை மெத்தையில் படுத்திருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. கயிற்றுக் கட்டிலிலும் தட்டிப்போன பஞ்சு மெத்தையிலும் கிடப்பவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஒரு முடிவு எந்த நிலைமையில் கிடைத்ததோ அந்த நிலைமையையும் சேர்த்தே படிக்கக் கற்றுக்கொடுப்பது ஆய்வுப் பயிற்சியின் முதல் பயன்.

நோயாளி வீடு திரும்பும் நாள், சிக்கலான நோய்நிலையில் மற்றோர் ஆபத்தான கட்டம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள் இருக்கும். பழைய மாத்திரையில் எதை நிறுத்துவது என்பது வீட்டாருக்குத் தெளிவாகத் தெரியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவிலியர் மேரி நெய்லர், மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட உயர்பயிற்சி பெற்ற செவிலியரே வீட்டுக்கும் சென்று நான்கு வாரங்கள் வரை தொடர்ந்து கவனித்தால் என்ன ஆகும் என்று 65 வயதைக் கடந்த 363 பேரிடம் சோதித்தார். இரண்டு நாட்களுக்குள் முதல் வருகை, பிறகு மீண்டும் ஒரு வருகை, இடையில் தொலைபேசி விசாரிப்பு என்பதுதான் ஏற்பாடு. 24 வாரங்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் வழக்கமான பராமரிப்பில் 37.1 சதவீதம், செவிலியர் தொடர்ந்து கவனித்த பிரிவில் 20.3 சதவீதம். 1999இல் வெளியான இந்த முடிவில் செலவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

இத்தனை அறிவும் பயன்பட வேண்டுமானால் வார்டில் போதிய செவிலியர் இருக்க வேண்டும். செவிலியர் ஆய்வாளர் லிண்டா ஏய்க்கனும் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாகக் கண்டனர். 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் செய்த ஆய்விலும் அதே 7 சதவீதம் வந்தது. செவிலியர் பணியிடங்களை வீண்செலவு என்று கணக்கிடும் நிர்வாகம் எதுவாயினும், அது நோயாளிகளின் உயிரையே விலையாகக் கொடுத்து மிச்சம் பிடிக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

தமிழகத்துக்கு இந்தப் பாதை புதிதன்று. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பும் வந்தது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மருந்து தருவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் வீடு தேடிச் செல்கின்றன. அந்த வருகைகளில் செவிலியர் பார்த்துப் பதிவு செய்வனவற்றை ஆய்வுக்குரிய தரவாகத் தொகுத்து, நம் வீடுகளுக்கும் நம் கட்டில்களுக்கும் நம் தோல் நிறத்துக்கும் ஏற்ற விடைகளை இங்குள்ள செவிலியர் கல்லூரிகளே கண்டறிய அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் படுக்கையில் இருந்தால், நாளைக் காலை உடம்பு துடைக்கும்போது சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் அவருடைய இடுப்பின் கீழ்ப்பகுதியையும் இரு பக்க இடுப்பெலும்பையும் குதிகால்களையும் பின்மண்டையையும் பாருங்கள், புறங்கையால் தொட்டும் பாருங்கள். ஏதேனும் ஓரிடம் சூடாகவோ கெட்டியாகவோ நிறம் மாறியோ இருந்தால், அந்தப் பக்கம் படுக்கவைப்பதை உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே செவிலியரை அழைத்துக் காட்டுங்கள்.