'தீபாவளி ஆஃபரா', 'பண்டிகை ஆஃபரா'? கடை விளம்பரத்தில் ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ராமநாதபுரம் அரண்மனைப் பகுதி கடைவீதியை ஒரு வருஷம் கவனித்துப் பார்த்தால் போதும். ஆடியில் 'ஆடித் தள்ளுபடி', ஐப்பசியில் 'தீபாவளி சிறப்பு விற்பனை', நோன்பு மாதத்தில் 'ரம்ஜான் சிறப்புச் சலுகை', டிசம்பரில் நட்சத்திர விளக்கோடு 'கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் ஆஃபர்' என்று பேனர் மாறிக்கொண்டே இருக்கும். கடை அதேதான், ஓனரும் அவரேதான், பெரும்பாலும் அளந்து கொடுக்கும் ஊழியரும் அவரேதான்.

பேனரில் எந்தப் பெயரைப் போடுவது என்பது இங்கே பெரிய கேள்வியாக இருந்ததில்லை. ஆனால் இதே கேள்வியில் இந்தியாவின் பெரிய பிராண்டுகள் விளம்பரத்தையே வாபஸ் வாங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் இது தேர்தல் மேடை வரைக்கும் போனது. ஒரு பெயரில் அப்படி என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் ஆரம்பித்த கதை

அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளில் இருந்து புத்தாண்டு வரை விற்பனை சீசன். இந்த ஒன்றரை மாதத்துக்குள் கிறிஸ்துமஸ் வரும், யூதர்களின் ஹனுக்கா வரும், 1966-ல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்காகத் தொடங்கப்பட்ட குவான்சாவும் வரும். எல்லா வாடிக்கையாளருக்கும் பொருந்தட்டுமே என்று பல கடைகள் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்பதற்குப் பதிலாக 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று போட ஆரம்பித்தன.

எதிர்ப்பு கிளம்பியது. 2005-ல் வால்மார்ட், டார்கெட் போன்ற பெரிய நிறுவனங்களைப் புறக்கணிக்கச் சொல்லி கிறிஸ்தவ அமைப்புகள் பிரசாரம் செய்தன. 'எங்கள் பண்டிகையை வைத்துத்தான் வியாபாரம், ஆனால் அதன் பெயரைச் சொல்ல மட்டும் கூச்சமா?' என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். அடுத்த ஆண்டே வால்மார்ட் கிறிஸ்துமஸ் என்ற சொல்லுக்குத் திரும்பியது. பத்து ஆண்டு கழித்து டொனால்ட் டிரம்ப் தன் பிரசாரத்தில், 'மீண்டும் மெர்ரி கிறிஸ்துமஸ் சொல்வோம்' என்பதை ஒரு வாக்குறுதியாகவே பேசினார்.

சரி, சாதாரண வாடிக்கையாளர் என்ன நினைத்தார்? பியூ ஆய்வு மையம் 2017-ல் எடுத்த கணக்கெடுப்பில் 52 சதவீதம் பேர், கடையில் எப்படி வாழ்த்தினாலும் தங்களுக்குப் பரவாயில்லை என்றார்கள். 'மெர்ரி கிறிஸ்துமஸ்'தான் வேண்டும் என்றவர்கள் 32 சதவீதம். பொதுவான வாழ்த்து வேண்டும் என்றவர்கள் 15 சதவீதம். 2012-ல் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' கேட்டவர்கள் 42 சதவீதமாக இருந்தார்கள். அதாவது, மேடையில் சத்தம் கூடக் கூட, கடைக்குப் போகிறவர்களில் கண்டுகொள்ளாதவர்கள்தான் அதிகமானார்கள்.

இந்தியாவில் என்ன நடந்தது?

2021 அக்டோபர். தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தபோது ஃபேப் இந்தியா நிறுவனம் ஒரு துணி வரிசைக்கு 'ஜஷ்ன்-ஏ-ரிவாஸ்' என்று பெயர் வைத்து ட்விட்டரில் விளம்பரம் போட்டது. உருதுவில் 'மரபின் கொண்டாட்டம்' என்று பொருள். 'தீபாவளி என்பது ஜஷ்ன்-ஏ-ரிவாஸ் அல்ல' என்று பாஜக எம்.பி. தேஜஸ்வி சூர்யா கண்டித்தார். புறக்கணிப்பு ஹேஷ்டேக் டிரெண்டானது. நிறுவனம் அந்தப் பதிவை நீக்கியது. இது தீபாவளித் தொகுப்பே இல்லை, தீபாவளிக்கு 'ஜில்மில் சி தீபாவளி' என்று தனித் தொகுப்பு வரப்போகிறது என்றும் விளக்கம் கொடுத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 அக்டோபரில், தனிஷ்க் நகைக்கடையின் 'ஏகத்வம்' விளம்பரம். இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்துவதாகக் கதை. கடும் எதிர்ப்பு வந்ததும் விளம்பரம் வாபஸ். தங்கள் ஊழியர்கள், கடைப் பணியாளர்களின் நலனை மனதில் வைத்து வாபஸ் பெறுவதாக நிறுவனம் சொன்னது. குஜராத்தின் காந்திதாமில் இருந்த கடைக்கு மிரட்டல் அழைப்புகள் வந்தன. கடைக் கதவில் மன்னிப்புக் கடிதம் ஒட்டப்பட்டது. அந்த விளம்பரம் விதிகளை மீறவில்லை என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் சொல்லியிருந்தும் இதுதான் நிலைமை.

இரண்டு சம்பவமும் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் கேள்வி வேறு வேறு. தனிஷ்க் விளம்பரத்தில் சர்ச்சை கதையைப் பற்றியது. ஃபேப் இந்தியா விஷயத்தில் சர்ச்சை முழுக்க முழுக்கப் பெயரைப் பற்றியது. ஆனாலும் முடிவு ஒன்றுதான்: வார்த்தையைத் தேர்வு செய்தது தலைமை அலுவலகம், பதில் சொல்லும் நிலைமை பெரும்பாலும் கவுன்டரில் நிற்பவருக்கு.

தமிழ்நாட்டின் 'விடுமுறை தின' கதை

அமெரிக்கச் சண்டைக்கு நெருக்கமான ஒன்று நம் வீட்டு டிவியிலேயே இருக்கிறது. விநாயகர் சதுர்த்தி அன்று மற்ற சேனல்கள் 'விநாயகர் சதுர்த்தி சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று போடும்போது, கலைஞர் டிவி 'விடுமுறை தின சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று போடுவது வழக்கம். இது மீம் ஆகி, அரசியல் விமர்சனமாகவும் ஆனது. பகுத்தறிவுக் கொள்கை உள்ள கட்சி சார்ந்த சேனல் அப்படித்தான் போடும் என்பது ஒரு தரப்பு. பண்டிகையின் விளம்பர வருமானம் வேண்டும், பெயர் மட்டும் வேண்டாமா என்பது இன்னொரு தரப்பு. வால்மார்ட்டைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி!

ஆனால் இங்கே மொழியில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஹாலிடே' என்ற சொல்லே 'புனித நாள்' என்பதில் இருந்து வந்தது. தமிழில் 'விடுமுறை' என்றால் வேலையில் இருந்தும் பள்ளியில் இருந்தும் விட்ட நாள், அவ்வளவுதான். அதில் விளக்கும் இல்லை, பலகாரமும் இல்லை. அதனால்தான் 'ஹேப்பி ஹாலிடேஸ்' அங்கே வாழ்த்தாகக் கேட்கிறது, 'விடுமுறை தின வாழ்த்துகள்' இங்கே ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி கேட்கிறது.

தமிழில் பொதுச்சொல்லே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. பண்டிகை, திருநாள், பெருநாள், விழா எல்லாம் உண்டு. பொங்கலை 'தமிழர் திருநாள்' என்கிறோம். கடலோர முஸ்லிம் வீடுகளில் ஈகைப் பண்டிகைக்கு 'நோன்புப் பெருநாள்' என்று பெயர். தேவாலயங்களில் 'கிறிஸ்து பிறப்புப் பெருவிழா' என்பார்கள். கவனித்தால், இவை எதுவும் பண்டிகையை மறைக்கும் சொற்கள் இல்லை.

அரசு நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

வாழ்த்துச் சொல்வதில் அரசியல் இருந்தாலும், விற்பனையில் அரசு நிறுவனங்கள் தயங்குவதில்லை. 1935-ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் ஆண்டுதோறும் நடத்துவது 'தீபாவளி சிறப்பு தள்ளுபடி விற்பனை'தான். ஆவின் விற்பது 'தீபாவளி இனிப்பு'. அரசுப் போக்குவரத்துக் கழகம் விடுவது 'தீபாவளி சிறப்புப் பேருந்து'. ரேஷன் கடையில் கொடுப்பது 'பொங்கல் பரிசுத் தொகுப்பு'. எந்த ஆட்சி வந்தாலும் இந்தப் பெயர்கள் மாறியதில்லை. ஊருக்குப் போக பஸ் தேடுகிறவருக்கு எது என்று உடனே புரிய வேண்டும், அதுதான் காரணம்.

ராமநாதபுரம் கடலோரம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 77 சதவீதம், முஸ்லிம்கள் 15 சதவீதம், கிறிஸ்தவர்கள் 7 சதவீதம். ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயில், ஏர்வாடி தர்கா, அருளானந்தர் என்று மக்கள் சொல்லும் புனித ஜான் டி பிரிட்டோவின் ஓரியூர் தேவாலயம் எல்லாம் ஒரே மாவட்டத்தில்தான். கீழக்கரையில் பெருநாள் விற்பனை இல்லாமல் ஜவுளிக்கடை இல்லை; பாம்பன், தங்கச்சிமடத்தில் டிசம்பர் இல்லாமல் பேக்கரி இல்லை.

இங்கே விடுமுறைக்கே பெயர் உண்டு. ஏர்வாடி சந்தனக்கூடு விழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். மார்கழியில் உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்துக்கும் அப்படியே. யாருடைய விழா என்பதைச் சொல்லித்தான் எல்லாருக்கும் லீவு விடப்படுகிறது. யாரும் 'பொது விடுமுறை நாள் விழா' என்று சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை.

ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறார். சீதா ராமர் திருக்கல்யாண விழாவில் சாமி சிலைகளைக் குளத்தின் நடுவே கொண்டுபோக, படகு ஏற்பாடு செய்தது அவருடைய குடும்பம். அதற்காக யாரும் விழாவின் பெயரைப் பொதுவாக்கவில்லை. படகு கொடுத்தவரும் தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

அமெரிக்கக் கடைகள் ஒரு பெயரை எடுத்துவிட்டு எல்லாரையும் சேர்க்கப் பார்த்தன. இந்தக் கடலோரத்தில் நடப்பது வேறு: பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது. 'கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல்' என்று மூன்றையும் ஒரே பேனரில் அடுக்கும் பழக்கம் அதன் அடையாளம்தான். பேனர் கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான்.

அப்போ பொதுப்பெயரே வேண்டாமா?

அப்படியும் இல்லை. தமிழ் வியாபாரிகள் எப்போதோ கண்டுபிடித்த பொதுப்பெயர் ஒன்று இருக்கிறது: ஆடித் தள்ளுபடி. ஆடியில் கல்யாணம் வைப்பது குறைவு, கடையில் கூட்டமும் குறைவு. சரக்கைத் தள்ள ஒரு வழி வேண்டும். அம்மன் கோயில் மாதம்தான் என்றாலும், விற்பனை மாதத்தின் பெயரில் ஓடுகிறது. எல்லா மதத்தினரும் 'ஆடித் தள்ளுபடியில் வாங்கினேன்' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். இதில் எந்தப் பண்டிகையின் பெயரும் அழிக்கப்படவில்லை. அதனால்தான் சண்டையும் இல்லை.

இதில் இருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது:

• விற்பனை ஒரே பண்டிகையை நம்பி நடக்கிறதா? அந்தப் பெயரையே சொல்லலாம்.

• டிசம்பர் முதல் ஜனவரி வரை பல பண்டிகைகள் மேல் ஓடுகிறதா? பெயர்களை அடுக்கலாம், அல்லது 'பண்டிகைக் காலச் சலுகை' எனலாம். அது உண்மையும்கூட.

• எந்தப் பண்டிகையும் இல்லாத சீசனா? மாதம், பருவத்தின் பெயர் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தீபாவளிக்கு முழுப்பக்க வாழ்த்துப் போடும் கடை, நோன்புப் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் 'பண்டிகை வாழ்த்துகள்' என்று சுருக்கினால், அது பொதுமை இல்லை. வருஷம் பூராவும் அங்கே துணி எடுக்கும் வாடிக்கையாளருக்கு அது புரியாமல் இருக்காது. எந்தச் சொல் என்பதைவிட, அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றா என்பதே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

பண்டிகைப் பெயரைப் போட வேண்டும் என்றோ, போடக்கூடாது என்றோ சட்டம் எதுவும் இல்லை. விளம்பரமும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1995-ல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நேரம், மத உணர்வுகளை வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்துடன் புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவின் கீழ் குற்றம். ஒரு பண்டிகைக்குப் பொதுப்பெயர் வைப்பது மட்டுமே அந்தக் கெட்ட நோக்கம் ஆகிவிடாது. பிடிக்காதவர் அந்தக் கடைக்குப் போகாமல் இருக்கலாம், அது அவர் உரிமை. ஊழியரை மிரட்டுவது யாருடைய உரிமையும் இல்லை.

இனி என்ன?

நம் ஊரில் இந்தக் கேள்வி பெரிதாக எழாததற்கு நாட்காட்டியும் ஒரு காரணம். பண்டிகைகள் தள்ளித் தள்ளி வருவதால் ஒவ்வொன்றுக்கும் தனி பேனர் வைக்க முடிகிறது. ஆனால் இஸ்லாமிய நாட்காட்டி சந்திரக் கணக்கு என்பதால், நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 2005, 2006-ல் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பிறை தெரிவதைப் பொறுத்தது என்றாலும், கணக்குப்படி 2032-ல் நோன்புப் பெருநாள் பொங்கலை ஒட்டியும், 2033 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டியும் வர வேண்டும்.

அப்போது அரண்மனைக் கடைவீதியில் ஒரே பேனரில் எல்லாப் பெயருக்கும் இடம் வேண்டும். பெயரை அழித்து இடத்தை மிச்சப்படுத்துவதா, இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுவதா என்று கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். இதுவரை இந்தக் கடலோரம் ஒரு வரி சேர்த்துத்தான் எழுதி வந்திருக்கிறது.