யாருடைய பணம், யாருடைய வருவாய்?

கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் விவசாயியின் தக்காளியை 1,000 ரூபாய்க்கு விற்றுக் கொடுக்கிறார். 100 ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விவசாயியிடம் தந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவுக்கு வந்தது ஆயிரம். அவருடைய வருவாய் நூறுதான். மண்டியில் இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

சிகாகோவின் குரூப்பான் நிறுவனம் 2011-ல் பங்கு வெளியிட வந்தபோது இதே கணக்குதான் சிக்கலானது. உணவகங்கள், அழகு நிலையங்களின் தள்ளுபடிக் கூப்பன்களை இணையத்தில் விற்பது அதன் தொழில். வாடிக்கையாளரிடம் முழுப் பணத்தையும் வாங்கி, கடைக்காரரின் பங்கை அவருக்கு அனுப்பிவிடும். ஜூனில் தாக்கல் செய்த ஆவணத்தில் 2010-ம் ஆண்டு வருவாய் 71.34 கோடி டாலர் என்றிருந்தது. செப்டம்பரில் திருத்தியபோது அது 31.29 கோடி டாலர் ஆனது. கடைக்காரர்களின் பங்கைக் கழித்ததால் வந்த மாற்றம். நிகர நஷ்டம் மாறவில்லை. அப்படியானால் என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். லாபமே காணாத இளம் நிறுவனத்தில் முதலீட்டாளர் நம்பிப் பார்ப்பது வருவாய் என்ற அந்த ஒரு வரியைத்தான். அதில் பாதிக்கு மேல் பிறர் பணம் என்றால் அதைச் சில்லறைத் திருத்தம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

2018-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15-ம், அதையொட்டி அமைந்த நம் இண்ட் ஏ.எஸ். 115-ம் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன் அந்தப் பொருளோ சேவையோ உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா? இருந்தால் நீங்கள் முதன்மையாளர், முழு விலையும் உங்கள் வருவாய். இல்லையென்றால் முகவர், கமிஷன் மட்டுமே வருவாய். சொன்னபடி தரவேண்டிய பொறுப்பு யாருக்கு, சரக்கு தேங்கினால் அடி யாருக்கு, விலை வைப்பது யார் என்பவை பதிலுக்கான அடையாளங்கள். பணம் யார் கைவழியாகப் போனது என்பது இங்கே தீர்ப்புச் சொல்லாது.

பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமல்ல, ஒரே நிறுவனத்துக்குள்ளும் மாறும். குரூப்பான் பின்னாளில் பொருள்களைத் தானே வாங்கி விற்றபோது முழு விலையையும் வருவாயாக எழுதியது, சரக்கு அதனுடையது. தரநிலையின் உதாரணங்களிலும் இந்த இரட்டை உண்டு. உணவகக் கூப்பனை விற்று 30 சதவீதம் பெறுபவர் முகவர். விமான டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கி விற்பவர் முதன்மையாளர். விற்றாலும் விற்காவிட்டாலும் அவர் விமான நிறுவனத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். இருக்கை காலியாகப் பறந்தால் நஷ்டம் அவர் தலையில்.