தாதரில் இரண்டு ஒன்றாம் நம்பர்

2023 டிசம்பர் 9 வரும்வரை மும்பையின் தாதர் ஸ்டேஷனில் ஒன்றாம் நம்பர் பிளாட்ஃபாரம் இரண்டு இருந்தன. வெஸ்டர்ன் ரயில்வேக்கு ஒன்று, சென்ட்ரல் ரயில்வேக்கு ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் இவை பி.பி. அண்டு சி.ஐ., ஜி.ஐ.பி. என்று இரண்டு தனிக் கம்பெனிகள். அவரவர் பிளாட்ஃபாரத்தை அவரவர் ஒன்றிலிருந்து எண்ணியதில் குற்றமில்லை. இரு பக்கத்துக் கூட்டமும் கலக்கும் நடைபாலத்தில்தான் குழப்பம். ‘ஒண்ணாம் நம்பருக்கு வந்துடு’ என்று ஃபோனில் கேட்டவர் எந்தப் படியில் இறங்குவார்? கடைசியில் வெஸ்டர்னின் 1 முதல் 7 வரை அப்படியே நிற்க, சென்ட்ரல் பக்கம் 8இலிருந்து 14 வரை புது நம்பர் பெற்றது.

விவரங்களைப் பட்டியல் பட்டியலாகச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸிலும் இதே கதைதான். மாட்டுங்காவில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பட்டியலில் ஆளுக்கோர் எண். அந்த எண்கள் நிற்கும் பத்தியின் பெயர் ‘ஐடி’. பில் பட்டியலிலும் பில் எண்ணுக்குப் பெயர் ‘ஐடி’. இரண்டையும் இணைத்து, யார் எவ்வளவு வாங்கினார் என்று கேட்கும்போது வெறும் ‘ஐடி’ என்று எழுதினால், எந்த ஐடி என்று தெரியாமல் டேட்டாபேஸ் மறுத்துவிடும். மறுத்தால் நல்ல காலம். எல்லாப் பத்திகளையும் மொத்தமாக அள்ளிக் கேட்டால் மறுப்பே வராது. வாங்கிக்கொள்ளும் புரோகிராம் பெயரை வைத்து அடுக்குவதாக இருந்தால், பின்னால் வரும் ‘ஐடி’ முன்னதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் எண், சத்தமே இருக்காது. ஒரு பெயர் தன் வீட்டுக்குள் தெளிவாக இருந்தால் போதாது, பாலத்தின் மேலும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘பில்_ஐடி’, ‘வாடிக்கையாளர்_ஐடி’ என்று எழுதச் சில எழுத்துகள் கூடும், அவ்வளவுதான்.

இணைக்கும்போது பட்டியலின் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது என்பார்கள். ஒட்டினால் தீரும்தான், ஆனால் அவசரத்தில் முதலில் உதிர்வதும் அந்த ஒட்டுதான். சென்ட்ரலில் இருப்பது மாட்டுங்கா ஸ்டேஷன், வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு. பேச்சில் ‘ரோடு’ விழுந்துவிட்டால் ஆள் வேறு லைனில் போய் நிற்பார். ரயில்வேயின் ஏடுகளில் அவை எம்.டி.என்., எம்.ஆர்.யூ. என்று வெவ்வேறு குறியீடுகள். அங்கே இந்த வம்பு இல்லை.

ஓடிக்கொண்டிருப்பதை ஏன் கலைக்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான் கனம் அதிகம். தாதரில் பழைய 1, எட்டானது. அப்படியானால் ஏழு கூட்டினால் போதும் என்று நினைத்தவர் பழைய 3இல் ஏமாந்திருப்பார்: 2ஐ எடுத்துவிட்டு 1ஐ அகலமாக்கியிருந்ததால் 3, ஒன்பதாகிவிட்டது. டேட்டாபேஸிலும் பத்தியின் பெயரை மாற்றினால், அதை நம்பியிருந்த பழைய ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய பெயரையும் கொஞ்ச காலம் கூடவே விட்டுவைக்கிறார்கள். என்றாவது ஒரே பாலத்தில் சேர்ந்து நிற்போம் என்று அந்த இரண்டு கம்பெனிகளும் நினைத்திருக்காமல் போகலாம். ஜவுளிக்கடை அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. வாடிக்கையாளரும் பில்லும் அங்கே முதல் நாளிலிருந்தே ஒரே கல்லாவின் முன்னால்தான் நிற்கிறார்கள்.