வித்தை காட்டுவது பிச்சையா?

ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் தெருவே மேடையாகிவிடுகிறது. நகரின் நடுவே கோட்டையிலிருந்து இறங்கிவரும் பழைய வீதியில் பல நாட்டுக் கலைஞர்கள் கூடுகிறார்கள். ஒருவர் தீப்பந்தங்களை எறிந்து பிடிக்கிறார். இன்னொருவர் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி நிற்கிறார்.

1947-ல் அங்கே முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து தாங்களாகவே நடித்தன. அதுவே "ஃபிரிஞ்ச்" விழாவாக வளர்ந்தது.

தெருக் கலைஞருக்குச் சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் தொப்பியை நீட்டுவார். ரசிகர்கள் காசு போடுவார்கள். இப்போது கார்டு தேய்க்கும் கருவியும் வந்துவிட்டது. அதை யாரும் பிச்சை என்பதில்லை, கூலி என்கிறார்கள்.

நம் ஊர்க் கழைக்கூத்தாடியும் இதைத்தானே செய்கிறார்? ஆனால் 1959-ல் பம்பாயில் இயற்றப்பட்ட பிச்சைத் தடுப்புச் சட்டம், பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ பொது இடத்தில் காசு பெறுவதையும் பிச்சை என்ற கணக்கிலேயே சேர்த்தது. முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைக்க அது வழி செய்தது. இச்சட்டம் டில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. 2018-ல்தான் டில்லி உயர்நீதிமன்றம் அதன் பல பிரிவுகள் அங்கே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

உயிரைப் பணயம் வைத்துக் கயிற்றில் நடப்பவர் கேட்பது இரக்கம் அல்ல, உழைப்புக்குக் கூலி. ஆபீஸ் விட்டு வரும் வழியில் நின்று பார்த்தால், கை தட்டுவதோடு நிறுத்திவிட வேண்டாம்.