ஒரு வளைஞ்ச மூடிக்கு 36,000 ரூபாய் மெஷினா?

காட்டேரிக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி போன மாசம் கேட்டாரு: "அண்ணே, வேக்கூம் ஃபார்மிங் மெஷின் 36,000 ரூபாய். நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 3,000, ஒரு வருஷம். எடுத்துடவா?" சம்பளம் 21,000. ஏழுல ஒரு பங்கு போயிடும்.

எதுக்குன்னா, அவர் மாருத் விமானத்தை 1/48 அளவுல செய்றாரு. எச்ஏஎல் தயாரிச்சு 1961-ல் முதல்ல பறந்த நம்ம போர் விமானம். உடம்பை மரத்துல செதுக்கிட்டாரு. பைலட் தலைக்கு மேல வர்ற வளைஞ்ச கண்ணாடி மூடியிலதான் மாட்டிக்கிட்டாரு.

மெஷின் செய்ற வேலை இதுதான்: பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அச்சு மேல போட்டு, அடியில இருக்கிற காற்றை உறிஞ்சும். வெளிக்காற்று ஷீட்டை அச்சோட ஒட்ட அழுத்தும். ஆனா சில சென்டிமீட்டர் மூடிக்கு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலே போதும்! அது இழுத்து ஊதிச் செஞ்ச பெட் பிளாஸ்டிக். சூடு பட்டா சுருங்கும்.

மர அச்சை மூடியை விட ஒரு நூல் சின்னதா செதுக்கி, வழவழன்னு தேய்க்கணும். இதுல அவசரமே கூடாது. அச்சுல இருக்கிற ஒவ்வொரு கீறலும் மூடியில தெரியும். பாட்டில் அடியை வெட்டி, வரி இல்லாத பகுதியில அச்சை வெச்சு, பின்னாடி கட்டை சொருகி இறுக்கி, ஹீட் கன்னைச் சுத்திச் சுத்திக் காட்டணும். ஒரே இடத்துல நின்னா பால் மாதிரி வெளுத்துடும். ஆறினதும் வெட்டி எடுக்கலாம். காற்றோட்டமான இடத்துல செய்யுங்க. பிவிசி மட்டும் வேண்டாம், அதிக சூட்டுல அமில வாயு வரும்.

இப்ப இஎம்ஐ-க்கு வருவோம். நோ காஸ்ட்னாலும் உள்ள வட்டி இருக்கு. கடைக்காரர் அதைத் தள்ளுபடியா காட்டுறாரு, அவ்வளவுதான். 16% வட்டின்னு வெச்சா சுமார் 2,930 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி நம்ம தலையில, சுமார் 530. பிராசசிங் கட்டணம் தனி.

"மூடி செஞ்சு வித்து இஎம்ஐ கட்டிடுவேன்"னாரு. சரி, ஒண்ணு 150 ரூபாய், பொருள் செலவு 30. மாசம் 25 வித்தாதான் இஎம்ஐ-யே கட்டலாம். அவர்கிட்ட கேட்டு வெச்சிருந்தவங்க மூணே பேர்! தொடர்ந்து வித்தா அது வியாபார வருமானம். ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 இல்ல 4 போடணும்.

கடைசியில 1,200 ரூபாய்க்கு ஹீட் கன் மட்டும் வாங்கினாரு. முதல் மூடி சுருங்கிச்சு, ரெண்டாவது வெளுத்துச்சு. மூணாவது கச்சிதம். மத்த மூணு பேருக்கும் அதே அச்சுல செஞ்சு அனுப்பிட்டாரு. மெஷின் இன்னும் கார்ட்லயேதான் கிடக்காம்.