கூட்டாளி வேணும்... குவார்ட்டர் வேண்டாம்!

குடியை நிறுத்த வேண்டும் என்று வைத்தியரிடம் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு உடம்பே குடியைக் கேட்கும். காலையில் எழுந்ததும் கை நடுங்கும், ஊற்றினால்தான் நிற்கும். இரண்டாவது வகைக்கு உடம்பு கேட்காது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் நாலு பேர் கூப்பிடுவார்கள், கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். 'ஏங்க, தினமும் போகணுமா?' என்று வீட்டில் கேட்டால், 'நான் எங்கே குடிக்கிறேன்? சும்மா கம்பெனிக்குத்தான்' என்று பதில் வரும்.

இந்தக் 'கம்பெனி' ஆசாமிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் இன்றைக்கு இரண்டாவது வகையில் இருப்பவர்தான் பத்து வருஷம் கழித்து முதல் வகைக்குப் போய்ச் சேருகிறார்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் எடப்புளி நாடு என்று ஒரு ஊராட்சி இருக்கிறது. 'நாடு' என்பது அந்த மலையாளி மக்கள் பல ஊர்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட பழைய பிரிவு. (இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. மலையை ஆளுகிறவர்கள், அதனால் மலையாளி.) அந்தப் பக்கத்து மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "வைத்தியருங்களே, குடிய விட்டுடலாமுங்க. சேக்காளிகள எப்படிங்க விடறது?"

நியாயமான கேள்வி! 'குடிக்காதே' என்று சொல்கிறோமே தவிர, இந்தக் கேள்விக்கு நாம் யாரும் பதில் சொல்வதில்லை.

போதை பாதி, சிரிப்பு பாதி

மலைமேல் பாறையோ, அடிவாரத்து டாஸ்மாக் பாரோ, எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தினமும் கூடுகிற அதே நாலு பேர். "என்ன மாப்ளே, ஒரு ரவுண்டுலயே மலை இறங்கிட்டே?" என்று ஒருத்தர். "மாமாவுக்கு வீட்டுல தடையுத்தரவு போல!" என்று இன்னொருத்தர். அவிச்ச முட்டை, சுண்டல், மாங்காய்த் துண்டு. பகல் முழுவதும் மூட்டை தூக்கிய அலுப்பு, கடன்காரன் கவலை எல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்துவிடும். இந்தச் சுகத்தை இல்லை என்று சொன்னால் அவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சுகம் எதிலிருந்து வருகிறது? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ராபின் டன்பார் என்ற அறிஞர் இதை ஆராய்ந்திருக்கிறார். வழக்கமாகப் போகிற ஒரு சின்ன மதுக்கடை உள்ளவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் அதிகம், மனத்திருப்தியும் அதிகம் என்று 2017-ல் அவர் குழு எழுதியது. 'பார்த்தீர்களா!' என்று குதிக்காதீர்கள். அதே குழு 2011-ல் வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சியையும் கேளுங்கள். கூட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு, சிரித்த பிறகு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. மூளையில் என்டார்பின் என்ற இயற்கையான வலிநிவாரணி சுரப்பதே இதற்குக் காரணம் என்று விளக்கம் சொன்னார்கள். அங்கே யாருக்கும் மது ஊற்றவில்லை!

ஆக, சாயங்காலச் சந்தோஷத்தில் பெரும்பங்கு கூட்டாளிகளுடையது. பேர் மட்டும் பாட்டிலுக்குப் போகிறது.

ஓரி கொடுத்த மதுவும் இன்றைய குவார்ட்டரும்

'மது நம் பண்பாட்டிலேயே இருக்கிறதே?' என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, வந்த பாணர் கூட்டத்துக்கு இறைச்சியும் மதுவும் கொடுத்து உபசரித்ததை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். சித்தர் திருமூலரும் திருமந்திரத்தில் கள்ளுண்ணாமை பாடினார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து மது புளிக்க வைத்தது. புளிக்க வைக்கும் நுண்ணுயிர், சாராயச் சத்து 15 சதவீதத்தைத் தொடுவதற்குள்ளேயே பெரும்பாலும் செத்துவிடும். கள்ளில் இருப்பது ஏறக்குறைய 5 சதவீதம்தான். இன்றைய பிராந்தி, விஸ்கியில் இருப்பது 42.8 சதவீதம். உட்கார்ந்து பேசுகிற நேரம் அதேதான். உள்ளே போகிற விஷம் எட்டு மடங்கு!

கணக்குப் போடுவோம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியது சுமார் 7, 8 கிராம்தான். ராத்திரி 10 மணிக்குக் குவார்ட்டரை முடித்தால், ரத்தம் சுத்தமாக விடியற்காலை 6 மணி ஆகும். ஒரு ஆஃப் அடித்தவருக்கு மறுநாள் மத்தியானம் தாண்டும். மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி எதைக் குடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தூக்கம் தெளியலாம், ரத்தம் தெளியாது.

இது மலைக்காரர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். அவசரமாக ஒரு குவார்ட்டர் அடித்த 60 கிலோ ஆளுக்கு அது 100-ஐத் தாண்டிவிடும். 'நம்ம மாமா எவ்வளவு போட்டாலும் ஸ்டெடி' என்று கூட்டாளிகள் மெச்சுவார்கள். வளைவுக்கு மாமாவைத் தெரியாது!

குளிருக்கு ஒரு ரவுண்டா?

மார்கழிக் குளிரில் மலையில் இந்தப் பேச்சு சகஜம். குடித்ததும் உடம்பு சூடாவது போலத் தோன்றுவது உண்மை. ஆனால் நடப்பது என்ன? தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்கிற சூடு வெளியே போகிறது. தோல் சூடாகும், உள்ளுறுப்புகள் குளிரும். குடித்துவிட்டுத் திறந்தவெளியில் படுத்துவிட்டால் ஆபத்து.

குளிருக்கு மலையிலேயே மருந்து இருக்கிறது. சுக்கு மல்லிக் காபி, மிளகு ரசம், அல்லது கொல்லிமலைக்கே பேர்போன முடவாட்டுக்கால் கிழங்கு சூப். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுச் சூடாகக் குடித்தால் பேச்சுக்குத் தோதாகத் தொண்டையும் திறக்கும்.

சிரித்துக்கொண்டே விட்டுவிடும் உயிர்கள்

"அண்ணன் மட்டையாயிட்டாரு, விடுங்கடா!" என்று சிரித்துவிட்டுக் கலைந்து போவார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் அடைத்து உயிர் போகலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஒருவர் இருங்கள். எழுப்பினால் எழாவிட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கள்ளச்சாராயம் என்றால் இன்னும் மோசம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் பறிகொடுத்தோமே, அதற்குக் காரணம் மெத்தனால். அது உடம்பில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வயிற்று வலியும் மூச்சு வாங்கலும் வரும், கண் மங்கும். 'ராத்திரி போட்டது இன்னும் இறங்கல' என்று கேலி பேசும் நேரம் அல்ல அது. நேரே ஆஸ்பத்திரி. கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களும் போக வேண்டும்.

மாலை போட்டால் மட்டும் எப்படி முடிகிறது?

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்குக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். அன்றைக்குக் கொல்லிமலையும் அந்த ஜில்லாதான். 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. சட்டம் எத்தனை முறை மாறினாலும் நாலு பேர் கூடுகிற ஆசை மாறவில்லை.

ஆனால் கார்த்திகை பிறந்ததும் ஒரு அதிசயம் நடக்கிறது. மாலை போட்ட ஆசாமி 48 நாள் தொடுவதில்லை! பக்தி ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கவனித்தீர்களா? அவருக்குப் புதுச் சபை கிடைக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பஜனை, கூடப் பத்துச் சாமிகள், அங்கேயும் கிண்டல், சிரிப்பு. 'வாங்க சாமி' என்று மரியாதை. ஊற்றிக் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது. மாலையைக் கழற்றியதும் பழைய சபை கூப்பிடுகிறது, பழைய குடியும் திரும்புகிறது.

1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசித் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பும் இதே வழிதான். தம்ளர் இல்லாத சபை. இன்றைக்குத் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் கூடுகிறார்கள்.

மிளகுத் தோட்டக்காரருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: சேக்காளிகளை விட வேண்டாம். சந்திக்கிற இடத்தையும் கையில் பிடிக்கிற தம்ளரையும் மாற்றுங்கள்.

* தனியாக விடாதீர்கள். கூட்டத்தில் உங்களை மாதிரியே யோசிக்கிற ஒருவர் நிச்சயம் இருப்பார். இரண்டு பேராகச் சேர்ந்து விடுங்கள்.
* ஆறு மணிக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். பசியும் ஆசையைக் கிளப்பும்.
* டீக்கடை, சூப்புக்கடை, மந்தைத் திண்ணை, இதில் ஒன்றை நீங்களே குறித்து அவர்களைக் கூப்பிடுங்கள். எல்லாரும் வராவிட்டாலும் ஒருவர் வருவார்.
* 'பொண்டாட்டிக்குப் பயமா?' என்பார்கள். 'ஆமாம்ப்பா, ரொம்ப பயம்!' என்று நீங்களே முதலில் சிரித்துவிடுங்கள். கேலி அங்கேயே தீர்ந்துவிடும்.
* கூட்டாளிகளே, விட்டவரை இழுக்காதீர்கள். 'கம்பெனிக்கு ஒண்ணு' என்று நீட்டுகிற தம்ளர் நட்புக்கு அழகல்ல.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 'அந்தக் கூட்டத்தோடயே சேராதே' என்று சொன்னால் அவர் ஒளிந்து போவார். அந்த நாலு பேரில் நிதானமானவர் யார் என்று பாருங்கள். 'அண்ணா, நீங்க சொன்னா கேட்பாருங்க' என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை

தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிற நிலைக்கு வந்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. அவருக்கு ஆஸ்பத்திரியில் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். செம்மேட்டு அரசு மருத்துவமனையிலோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதலில் காட்டுங்கள். போனில் ஆலோசனை கேட்க 14416, போதைப் பழக்கத்துக்கென்று 14446. இரண்டும் இலவசம்.

அடுத்தது, 'அவருக்குத் தெரியாம சோத்துல கலக்க ஒரு பொடி கொடுங்க' என்று சித்த வைத்தியர்களிடம் வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை. அப்படி ரகசியமாக விற்கும் மருந்தில் டைசல்ஃபிரம் கலந்திருக்கலாம். அது தெரியாமல் அவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சாகவும் நேரலாம். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு 'கல்லீரல் தேறிடும்' என்று குடியைத் தொடர்வதும் வீண். குடி நின்றால்தான் எந்த மருந்தும் வேலை செய்யும். மறுநாள் தலைவலிக்குப் பாரசிட்டமாலை அள்ளிப் போடுவதும் கல்லீரலுக்குக் கெடுதல்.

'அளவாகக் குடித்தால் பரவாயில்லையா?' என்று கேட்பீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் மது 1988-லேயே சேர்க்கப்பட்டது.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சேக்காளி போன் பண்ணுவார். 'வர்றேன் மாப்ளே, ஆனா சூப்புக்கடைக்கு வா' என்று சொல்லிப் பாருங்கள். வந்து உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போனால், அவர் உங்கள் சேக்காளி. சூப்பு என்றதும் வராதவர், பாட்டிலுக்குத்தான் சேக்காளி!